குப்பையில் கிடக்கிறது ஒரு சி.டி. பிளேயர்!



போன செமஸ்டரில் ஒரு மினி புராஜெக்ட் கண்காட்சிக்கு நான் எடுத்துப் போனது ஒரு பழைய டி.வி.டி. பிளேயர். மேசைமேல் வைத்து வயரை மாட்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியத இங்க கொண்டாந்துட்டான்டா!" ஹால் முழுக்கச் சிரிப்பு. பார்வையிட வந்த பெரியவர் ஒருவரும், "பாட்டுக் கேக்கத்தான் போன் இருக்கேப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுத்தில் சொல்கிறேன். மலர்க்குழு வெட்டாமல் போட்டால் சரி.

நான் சொல்ல வந்தது இதுதான். மியூசிக் சி.டி. கேட்க ஆயிரக்கணக்கில் செலவு செய்து செட் வாங்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பரண்மேல் தூங்கும் மலிவு டி.வி.டி. பிளேயரே போதும்.

2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு வீட்டுக்கு வீடு 14 அங்குலக் கலர் டி.வி. இலவசமாகக் கொடுத்தது. அப்போது நான் பிறந்தேனா என்பதே சந்தேகம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் அந்த டி.வி.யையும், அதன் தலைமேல் ஒரு டி.வி.டி. பிளேயரையும் சேர்த்துத்தான் பார்த்திருப்போம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வயர். படம் பார்க்கத்தான் மூன்றும். பாட்டுக்கு மஞ்சள் வேண்டாம். சிவப்பையும் வெள்ளையையும் ஆம்ப்ளிபயரில் செருகினால் முடிந்தது வேலை.

"சார், அது படம் போடுற பெட்டி, பாட்டுக்கு எப்படி?" என்று எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனே என்னிடம் கேட்டான். சி.டி.யில் இருப்பது வெறும் எண்கள்தானே? செகண்டுக்கு 44,100 தடவை, தடவைக்கு 16 பிட், இடது வலது இரண்டு சேனல். பெருக்கிப் பாருங்கள், செகண்டுக்கு 14,11,200 பிட். 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனி முதன்முதலில் விற்ற சி.டி.பி. 101 பிளேயரின் விலை 1,68,000 யென். அது படித்த எண்களும் பரண்மேல் இருக்கும் பெட்டி படிக்கிற எண்களும் ஒன்றேதான். 128 கிலோபிட் எம்.பி.3 பாட்டில் இதில் பதினொன்றில் ஒரு பங்குதான் தேறும்.

இன்னொரு சங்கதி பல பேருக்குத் தெரியாது. டி.வி.டி. படிக்க 650 நானோமீட்டர் லேசர், சி.டி. படிக்க 780 நானோமீட்டர் லேசர். ஒரே லென்ஸுக்குக் கீழே இரண்டும் தனித்தனி. அதனால் "படம் ஓடல, டிஸ்க் எரர் காட்டுது" என்று தூக்கிப்போட்ட பிளேயரில் பல நேரம் மியூசிக் சி.டி. ஜோராக ஓடும். செத்தது ஒரு கண்தான், மறு கண் பார்க்கிறது! நான் கண்காட்சிக்குக் கொண்டுபோனதும் அப்படிப்பட்டதுதான். பழைய இரும்புக்கடையில் 150 ரூபாய்க்கு எடுத்தேன்.

மேல்நாட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 1994 டிசம்பரில் சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன், பிள்ளைகள் விளையாடுகிற பெட்டி. ஆரம்ப மாடல்களில் பின்பக்கம் சிவப்பு வெள்ளை சாக்கெட் இருந்தது. பிற்காலத்தில் காதுக்காகக் காசை இறைக்கிற இசைப் பிரியர்களே அந்தப் பழைய மாடலைத் தேடித் தேடி வாங்கி சி.டி. பிளேயராக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தால் ஆராய்ச்சி, நாம் செய்தால் பேரீச்சம்பழம்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று லேபில் சோதித்தும் பார்த்தேன். ஒரே அளவில் 1 கிலோ ஹெர்ட்ஸ், 10 கிலோ ஹெர்ட்ஸ், 20 கிலோ ஹெர்ட்ஸ் டோன்களைப் பதிந்து ஒரு டிஸ்க் எழுதி, அவுட்புட்டை சி.ஆர்.ஓ.வில் கொடுத்தேன். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். 20-ல் கொஞ்சம் இறங்கியது. அந்த ஒலி நம்மில் பாதிப் பேர் காதில் விழாது. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. பாட்டே இல்லாதபோதும் கோட்டில் முடி முளைத்த மாதிரி இரைச்சல். மூடியைக் கழற்றினால் பவர் சப்ளையில் ஒரு கெப்பாசிட்டர் தலை வீங்கி உட்கார்ந்திருக்கிறது. பத்து ரூபாய்க்குள் வேலை முடிந்தது, கோடு சுத்தமானது. (யாரும் அவசரப்பட்டு மூடியைக் கழற்றிக் கையை விட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரு பக்கம் 320 வோல்ட் டி.சி. நிற்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். லேசரையும் எட்டிப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத ஒளி அது.)

குறை இல்லையா என்றால் இருக்கிறது. டிஸ்க்கைப் போட்டால் ஆற அமர யோசித்துவிட்டுத்தான் பாடத் தொடங்கும். ஹெட்போன் சாக்கெட் பெரும்பாலும் இருக்காது. ரிமோட் தொலைந்தால் ஏழாவது பாட்டுக்குப் போக ஏழு தடவை பட்டனை அமுக்க வேண்டும். சில செயலிகள் காசு கட்டினால் சி.டி. தரத்திலேயே பாட்டைத் தருகின்றன, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காசு கட்டுவதை நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். நண்பர்களே, பஸ் பாஸுக்கும் பரீட்சை ஃபீஸுக்கும் யோசிக்கிறவன் மாதாமாதம் பாட்டுக்கும் கட்ட முடியுமா? டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் அலைந்து நான் பிடித்த பழைய டிஸ்க்குகளில் ஒன்று இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்'. 1988-ல் வந்தது, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். இருபது ரூபாய். அதை எவன் என்னிடமிருந்து நிறுத்துவான்?

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கப்பா ரேடியோ செட் ஓனர் அல்ல, செட்டில் வேலை பார்த்தவர். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி என்று எங்கே குழாய் கட்டினாலும் மரம் ஏறுகிற ஆள் அவர்தான். கேசட் போய் டிஸ்க் வந்ததும் செட் பெட்டிக்குள் இதே மலிவு டி.வி.டி. பிளேயர்தான் வந்தது. புழுதி, வெயில், ஜெனரேட்டர் கரண்ட், எல்லாவற்றையும் அது தாங்கியது. அப்பா அஞ்சாவது தாண்டாதவர். டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்க மாட்டார், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத்தான் இழுப்பார். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் தம்பி தொடைக்கணும்" என்பார். இரண்டாம் வருடம் வகுப்பில்தான் எனக்குக் காரணம் புரிந்தது. தடம் வட்டமாகச் சுற்றி ஓடுகிறது. குறுக்கே விழுந்த கீறலில் கொஞ்சம் பிட்கள்தான் போகும், பிளேயர் கணக்குப் போட்டுச் சரிக்கட்டிவிடும். தடத்தோடேயே நீளமாக விழுந்தால் ஒரேயடியாகப் போய்விடும். சரிக்கட்ட முடிவது இரண்டரை மில்லிமீட்டர் வரைதான். அந்த வகுப்பு முடிந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இதுக்கா அம்புட்டு ஃபீஸு?" என்றார்.

பென் டிரைவும் புளூடூத்தும் வந்தபின் அந்த வேலை அவருக்குக் குறைந்துவிட்டது. செட்டைக் கலைத்தபோது சம்பளப் பாக்கிக்குப் பதிலாக ஒரு சாக்கு நிறைய டிஸ்க் வந்தது. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அந்தச் சாக்கில்தான் எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த 'வள்ளி திருமணம்' நாடகத்தை யாரோ பதிந்து எழுதிய இரண்டு டிஸ்க் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகம். போனில் தேடினால் வள்ளி திருமணம் நூறு கிடைக்கும், இது கிடைக்காது. நாரதர் தர்க்கத்துக்கு நடுவே மைக் கரகரக்கிறது. உடனே ஓர் இளம் குரல், "அண்ணே, ஒரு நிமிசம்" என்கிறது. அது எங்கப்பா.

வீட்டில் எழுதுகிற டிஸ்க் சாயத்தில் எழுதப்பட்டது, வெயில் பட்டால் வெளுக்கும். அதனால் முதல் வேலையாக அந்த இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒன்று முழுசாக ஏறியது. இன்னொன்றைக் கம்ப்யூட்டர் டிரைவ் கடைசி இருபது நிமிடம் படிக்கவே மாட்டேன் என்றுவிட்டது. 150 ரூபாய்ப் பெட்டிதான் அதைத் திக்கித் திணறிப் பாடியது. அவுட்புட்டிலிருந்து வயர் இழுத்துப் பதிந்துகொண்டேன். கண்காட்சியில் நான் போட்டுக் காட்ட வைத்திருந்தது அந்த இருபது நிமிடத்தைத்தான்.

நம் ஆடியோ விஷுவல் அறையில் கழிவுக்கு ஒதுக்கி அடுக்கியிருக்கும் பிளேயர்களில் ஒன்றை விடுதிப் பொது அறைக்குத் தரும்படி யூனியன் மூலம் மனு கொடுத்திருக்கிறேன். லென்ஸைத் துடைத்து ஓட்டிக் காட்டுவது என் பொறுப்பு. பஞ்சு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டும் என் பெட்டியிலேயே இருக்கின்றன. அப்பாவானால் வேட்டி முனை போதும் என்பார்.