எத்தனை அங்குலம்?

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வடகிழக்குச் சீமையில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்ததும் “சௌக்கியமா?” என்று கேட்பதெல்லாம் இரண்டாம்பட்சம். முதல் கேள்வி, “எத்தனை அங்குலமாம்?” என்பதுதான். தையற்காரர் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். வானத்திலிருந்து விழப் போகும் பனியின் கணக்கு அது!

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் உட்கார்ந்திருக்கும் முத்து. வெயில் ஏறினால் போயே போய்விடும். அங்கே அப்படியில்லை. இலவம்பஞ்சு மூட்டைகளை யாரோ மேலேயிருந்து அவிழ்த்து உதறியது போல் இரவெல்லாம் விழும். காலையில் பார்த்தால் வாசற்படி இராது, வேலி இராது, தெருவில் நிறுத்திய கார் இருந்த இடத்தில் வெள்ளை மேடு ஒன்று இருக்கும். அகலமான வாரியை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர்தான் அள்ளித் தள்ள வேண்டும். 3 அங்குலமென்றால் அது தேகப்பயிற்சி. 2 அடி என்றால் முதுகுவலித் தைலம்!

பாஸ்டன் நகரத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் தம் கார் நிற்கும் இடத்தைப் பாடுபட்டுத் தோண்டியவர், வெளியே கிளம்புமுன் அந்த இடத்தில் ஓர் உடைந்த நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். “இது என் வியர்வையால் உண்டான பூமி; வேறு யாரும் வண்டியை விடக் கூடாது” என்று அர்த்தம். நகர நிர்வாகமே, பனி நெருக்கடி நீங்கியதாக அறிவித்த பிறகு 48 மணி நேரம் வரை இதற்கு இடம் கொடுக்கிறது. அதற்குமேல் நாற்காலி குப்பை வண்டிக்குச் சொந்தம். ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் எவ்வளவு பெரிய சமாசாரம் என்று இப்போது புரிகிறதல்லவா?

ஆகவே புயல் செய்தி வந்ததும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சம்பாஷணை ஆரம்பமாகிவிடும்.

“கைப்பேசியில் 10 அங்குலம் என்று காட்டுகிறதே!”

“டெலிவிஷனில் 16 என்றார்கள்.”

“அவர்கள் கிடக்கிறார்கள். நேற்றிலிருந்து எனக்கு முழங்கால் குடைகிறது. 2 அடிக்குக் குறையாது, பார்த்துக்கொண்டே இருங்கள்!”

முழங்கால் மட்டுமா ஜோசியம் சொல்கிறது? அங்கே ஒரு கம்பளிப்பூச்சி இருக்கிறது. இரண்டு கோடியிலும் கறுப்பு, நடுவில் பழுப்புப் பட்டை. கறுப்பு அதிகமானால் கடுங்குளிர் என்பது ஐதீகம். 1948-ல் நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியத்தைச் சேர்ந்த கர்ரன் என்ற பூச்சியியல் நிபுணர், கம்பளிப்பூச்சிகளைப் பிடித்துப் பட்டையை எண்ணப் போனார். விஷயம் பத்திரிகையில் வந்தது. அன்று முதல் பூச்சிக்குப் பெரும் புகழ்! பட்டையின் அகலம் பூச்சியின் வயதையும் அது தின்று வளர்ந்த காலத்தையும் பொறுத்தது. வரப் போகிற குளிரை அல்ல என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். யார் கேட்கிறார்கள்?

பெர்ஸிம்மன் என்ற பழத்தின் கொட்டையைப் பிளந்து பார்க்கிறவர்களும் உண்டு. உள்ளே கரண்டி போன்ற வடிவம் தெரிந்தால் பனி அள்ள வாரியைத் தயார் செய்ய வேண்டுமாம். பிப்ரவரி 2-ந் தேதி பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஒரு சிற்றூரில், வளையில் வாழும் ‘கிரவுண்ட்ஹாக்’ என்ற பிராணியை வெளியே எடுப்பார்கள். அது தன் நிழலைக் கண்டுவிட்டால் இன்னும் ஆறு வாரம் குளிர். 1887 முதல் இந்தத் திருவிழா நடக்கிறது.

குழந்தைகளின் சாஸ்திரம் வேறு. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட வேண்டுமா? இரவு பைஜாமாவை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கடியில் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். பெரியவர்களோ கடைக்கு ஓடுகிறார்கள். ரொட்டி, பால், முட்டை இம்மூன்றும் அலமாரியிலிருந்து மாயமாகிவிடும். “புயல் வந்தால் ஊர் முழுவதும் முட்டை ரொட்டிதான் பலகாரமோ?” என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள்.

கேலி இருக்கட்டும். இந்த அங்குலக் கணக்கு எங்கிருந்து வருகிறது? அதில்தான் சங்கடம். வானிலை நிபுணர் முதலில் எவ்வளவு நீர் விழும் என்று கணக்கிட வேண்டும். ஓர் அங்குல மழைநீர் சுமாராக 10 அங்குலப் பனியாகும் என்பது பொது வாய்ப்பாடு. ஆனால் காற்று நன்றாகக் குளிர்ந்து உலர்ந்திருந்தால் அதே நீர் 20 அங்குலமாகப் பொங்கும். ஈரமாயிருந்தால் 5 அங்குலமாகப் படியும். உறைநிலையைவிடச் சற்றே உஷ்ணம் ஏறினாலோ பனியே இல்லை, வெறும் மழைதான். புயல் கடலோரமாக வரும்போது சில பத்து மைல் தள்ளிப் போனால் ஓர் ஊருக்கு 2 அடி, அடுத்த ஊருக்கு ஒன்றுமில்லை. இத்தனைக்கும் நடுவில் ஒரே ஓர் எண்ணைச் சொல் என்று ஜனங்கள் கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம்!

ஒரு காலத்தில் இந்த எண்ணும் கிடையாது. 1888 மார்ச்சில் நியூயார்க்கில் ஞாயிற்றுக்கிழமையன்று மழை பெய்துகொண்டிருந்தது. வானம் தெளிந்துவிடும் என்றுதான் அறிக்கை. இரவில் மழை பனியாக மாறிற்று. திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் புறப்பட்டவர்கள் நடுவழியில் அகப்பட்டுக்கொண்டார்கள். அந்தப் புயலில் கிழக்குக் கரையோரம் மாண்டவர்கள் 400 பேர் என்று கணக்கு. அங்கிருந்து 1993 மார்ச்சுக்கு வாருங்கள். அப்போது வந்த மகா புயலை, வருவதற்கு 5 நாள் முன்னாலேயே கம்ப்யூட்டர் கணக்கைக் கொண்டு அறிவித்துவிட்டார்கள். ஒரு நூற்றாண்டில் மனித அறிவு செய்த சாதனை இது.

ஆனாலும் சறுக்கல் உண்டு. 2015 ஜனவரி 26-ந் தேதி, நியூயார்க் நகருக்கு 20 முதல் 30 அங்குலம் வரை பனி என்று எச்சரிக்கை வந்தது. 20 முதல் 30 என்றால் ஜனங்களின் காதில் 30 மட்டுமே விழும்; அது உலக இயல்பு. சாலைகளை மூடினார்கள். 1904 முதல் ஓடிவரும் சுரங்க ரயிலைப் பனிக்காக முதல் தடவையாக நிறுத்தினார்கள். காலையில் சென்ட்ரல் பார்க்கில் அளந்தால் 9.8 அங்குலம்! புயல் சற்றுக் கிழக்கே நகர்ந்துவிட்டது. பக்கத்து நியூ ஜெர்ஸி வானிலை நிலையத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நியூயார்க்வாசிகள் வாசலில் நின்று சிரித்தார்கள். ஆனால் அதே புயல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் வுஸ்டர் என்ற ஊரில் 34.5 அங்குலத்தைக் கொட்டிவிட்டுப் போயிற்று. அங்கே சிரிக்க யாருக்கும் நேரமில்லை, அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அறிவிப்பு பொய்த்தால் வருகிற நஷ்டம் ஒரு நாள் சம்பளம், ஒரு நாள் வியாபாரம், கொஞ்சம் கேலி. அறிவிப்பு மெய்யாகி, நாம் அதைக் கேட்கும் விதம் தவறினால் என்ன ஆகும்? அதற்கு பஃபலோ நகரத்துக்குப் போக வேண்டும்.

பஃபலோ, ஈரி ஏரிக் கரையில் உள்ள ஊர். ஏரியின் மேல் குளிர்காற்று ஓடி வரும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். ஆகையால் பனி அவர்களுக்குப் பழகிய விருந்தாளி. 1977 ஜனவரியில் அங்கே ஒரு புயல் வந்தது. புதிதாக விழுந்த பனி எவ்வளவு தெரியுமா? சுமார் 12 அங்குலந்தான். அந்த ஊருக்கு அது ஒரு கணக்கா? ஆனால் ஏரி உறைந்து கிடந்தது; அதன் மேல் வாரக்கணக்காகச் சேர்ந்த பனியை, மணிக்கு 69 மைல் வேகம் வரை வீசிய காற்று அப்படியே தூக்கி வந்து நகரத்தின் மேல் வீசிற்று. வீடுகள் புதைந்தன. மிருகக்காட்சி சாலையில் மூன்று மான்கள் பனிமேட்டின் மீது ஏறி வேலியைத் தாண்டி நகர்வலம் போயின! மான் கதை வேடிக்கை, மற்றது வேடிக்கையல்ல. 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். அமெரிக்க வானிலைத் துறையின் அகராதியில் பனிப்புயலுக்கு இலக்கணம் உண்டு: மணிக்கு 35 மைலுக்குக் குறையாத காற்று, கால் மைலுக்கு அப்பால் கண் தெரியாத நிலை, இரண்டும் 3 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். அவ்வளவுதான். எத்தனை அங்குலம் என்ற பேச்சே அதில் இல்லை!

2022 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் புறநகரில் 6 அடிக்கும் மேல் பனி விழுந்தது. ஜனங்கள் சமாளித்தார்கள். ஒரு மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால், அடுத்த புயல் வருகிறது என்று பல நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். “ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வரக் கூடியது” என்று எச்சரித்தார்கள். ஆனால் 6 அடியைப் பார்த்த ஊர் அல்லவா? “எத்தனை அங்குலம்? அவ்வளவுதானா!” என்று சொல்லத் தோன்றுவது இயற்கைதானே?

டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. காலையில் வண்டிகளே ஓடக் கூடாது என்ற தடை 9.30 மணிக்கு அமலுக்கு வந்தது. அதற்குள் பலர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள் வராவிட்டால் கூலி இல்லை என்கிற மனிதனுக்கு வானிலை அறிக்கையைவிட வயிற்றின் அறிக்கை பெரிது. மணிக்கு 70 மைல் வரை காற்று. எதிரே நீட்டிய கை தெரியாத வெண்மை. 37 மணி நேரம் விடாமல் அடித்தது. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் பனியில் மாட்டிக்கொண்டன. விமான நிலையத்தில் அளந்த பனி 51.9 அங்குலம். உயிரிழந்தவர்கள் 40 பேருக்கு மேல். சிலர் காருக்குள், சிலர் நடைபாதையில், சிலர் கணப்பு அணைந்த சொந்த வீட்டில், சிலர் பனி அள்ளும்போது மாரடைப்பால்.

இங்கே முன்னறிவிப்பு பொய்க்கவில்லை, அணுவளவும் பொய்க்கவில்லை. காற்றும் நேரமும் சொன்னபடியே வந்தன. ஆனால் அறிக்கைக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறதே, அதை எந்தக் கம்ப்யூட்டராலும் நிரப்ப முடியவில்லை. நிரப்பினவர்கள் மனிதர்கள்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, பனியில் சிக்கிய ஒரு வேனிலிருந்து தென் கொரியச் சுற்றுலாப் பயணிகள் இறங்கி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, வாரி இரவல் கேட்டார்கள். வீட்டுக்காரத் தம்பதி, “வாரி எதற்கு? உள்ளே வாருங்கள்!” என்றார்கள். டிரைவரோடு சேர்த்துப் பத்துப் பேர் இரண்டு இரவு தங்கி, கொரியச் சமையல் செய்து எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். இன்னொருவர் தாமே வழியில் மாட்டிக்கொண்டவர். பூட்டியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஜன்னலை உடைத்து, சுற்றிலும் கார்களில் விறைத்துக்கொண்டிருந்த இருபதுக்கு மேற்பட்டவர்களை உள்ளே சேர்த்து, இருந்த உணவைப் பகிர்ந்தளித்தார். புயல் ஓய்ந்ததும், ஜன்னலை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். போலீசார் அவரைத் தேடினார்கள். கைது செய்ய அல்ல, நன்றி சொல்ல!

ஆகையால் வேலிப் பேச்சு வீண்பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன். முழங்காலும் கம்பளிப்பூச்சியும் தாராளமாக இருக்கட்டும். ஆனால் எண்ணைக் கேட்டதோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. காற்று எத்தனை மைல்? எத்தனை மணிக்கு ஆரம்பம்? மின்சாரம் நின்றால் உங்கள் வீட்டுக் கணப்பு எரியுமா? கோடி வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியிடம் மருந்து இருக்கிறதா, யார் போய்ப் பார்ப்பது?

அங்குலத்தை அளக்க ஒரு பலகையும் ஓர் அளவுகோலும் போதும். புயல் போன பிறகு யார் வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம். இந்த நாலு கேள்விகளைப் புயலுக்கு முன்னால்தான் கேட்க முடியும். கேட்பதற்கு வேலிக்கு அப்பால் நிற்கிற ஆசாமியைவிடப் பொருத்தமானவர் வேறு யார்?