கோடு கலங்காமல் வரட்டும்



கொக்கிளாய் சிறப்பிதழுக்கு வாசகர்களாகிய நீங்கள் அனுப்பிய கட்டுரைகளும் வரைபடங்களும் வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. அப்போது பிறந்தேயிராத பிள்ளைகளும், தாய் தகப்பன் சொல்லக் கேட்டு, வயலும் குளமும் கிணறும் எங்கெங்கே இருந்தன என்று வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். அவற்றை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அதனால்தான் இந்தப் பக்கத்தில் ஒரு தொழில்நுட்ப விஷயம். வேர்ட் கோப்பில் ஒட்டி வந்த பல வரைபடங்கள் திரையில் நன்றாகத் தெரிகின்றன, அச்சில் கலங்கிவிடுகின்றன. கொக்கிளாய்க் களப்பு கடலோடு சேரும் ஒடுங்கிய வாய் ஒரு கறையாகிப்போகிறது. வயல்வெளிகளின் பெயர்களை வாசிக்க முடியவில்லை. காணி எல்லை எது என்று சனங்கள் இன்னமும் கேட்டு அலைகிற ஊருக்கு, பெயர் மங்கிய வரைபடத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காரணம் இதுதான். ஜேபெக், பி.என்.ஜி. படங்கள் புள்ளிகளால் ஆனவை. 1000 பிக்சல் அகலமான ஸ்கிரீன்ஷொட்டை 16 சென்ரிமீற்றர் அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 160 புள்ளிதான் கிடைக்கும். நல்ல அச்சுக்கு 300 வேண்டும். போதாததற்கு, சேமிக்கும்போது வேர்ட் படத்தைச் சுருக்குவதும் உண்டு. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இன்னும் சுருங்கும். ஆனால் வெக்டர் படத்தில் புள்ளிகள் இல்லை. கோடு எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்ற கணக்கே கோப்பில் இருக்கிறது. எவ்வளவு பெருப்பித்தாலும் கூர்மை குறையாது.

வெக்டர் படம் வரைய உதவும் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் இலவசம். நீங்கள் கையால் வரைந்ததை ஸ்கான் செய்து அதில் அடியில் வைத்து, மேலே பேனாக் கருவியால் கோடு கோடாக வரையுங்கள். தானாகவே கோடாக்கித் தரும் வசதியும் அதில் உண்டு. ஆனால் பென்சில் அழுக்கையும் அது கோடாக்கிவிடும். பொறுமையாகக் கையால் வரைவதே நல்லது. முடிந்ததும் எஸ்.வி.ஜி. என்ற வெக்டர் கோப்பாகச் சேமியுங்கள். வேர்ட் 2019 முதலான பதிப்புகளிலும் லிப்ரே ஒபிஸிலும் அதை நேரடியாகச் சேர்க்கலாம். பழைய வேர்ட் என்றால் ஈ.எம்.எஃப். ஆகச் சேமித்துச் சேருங்கள். ஒளி ஊடுருவும் நிறங்கள் அதில் சரிவராது. தட்டையான நிறமே போதும். எதுவானாலும் ‘இன்செர்ட்’ வழியாகக் கோப்பையே சேருங்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டாதீர்கள்.

எழுத்துத்தான் பெரிய தொல்லை. பாமினி எழுத்துருவில் எழுதிய ஊர்ப்பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். யூனிக்கோட்டில் எழுதினாலும் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்தால் பெயரின் நீளம் மாறி, ஒரு குளத்தின் பெயர் பக்கத்து வயலில் போய் விழும். ஆகவே முதலில் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்திவிட்டு, மற்றப் பிரதியில் எழுத்துகளைத் தெரிவுசெய்து, இங்க்ஸ்கேப்பின் ‘பாத்’ பட்டியலில் ‘ஒப்ஜெக்ட் டு பாத்’ கொடுங்கள். எழுத்தும் கோடாகிவிடும். பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் அது அசையாது.

பறவைப் படங்களுக்கு இந்த வேலை வேண்டாம். களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால் நிறைய ஒளிப்படங்கள் வருகின்றன. அவற்றைக் கமெராவில் எடுத்த முழு அளவிலேயே தனிக் கோப்பாக அனுப்பினால் போதும்.

வேர்ட் கோப்போடு மூல எஸ்.வி.ஜி. கோப்பையும் மின்னஞ்சலில் இணையுங்கள். வட்ஸ்அப்தான் வசதி என்றால் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். கணினி இல்லாத வீட்டுப் பெரியவர்கள் இதற்காகக் கலங்க வேண்டாம். கொப்பித் தாளில் பென்சிலால் வரைந்து, பெயர்களை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதித் தபாலில் போடுங்கள். நாங்கள் கோடு போட்டு, நீங்கள் பார்த்துத் திருத்துவதற்கு ஒரு பிரதி அனுப்பிய பிறகே அச்சுக்குக் கொடுப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்