அந்த ஒரு எழுத்தை ஏன் தூக்கினேன்?

மக்களே, பொட்டி தட்டுற பொழப்புல நான் பல்பு வாங்கின கதை இது. பன்னெண்டாவதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து பயாலஜிக்கு ஒரேயடியா கும்பிடு போட்டவன் நான். இப்ப வந்து மாட்டியிருக்கிறது புரத வரிசைகளைக் கையாளுற ப்ராஜெக்ட்ல. விதி!

புரதம்னா அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆங்கில எழுத்து. வழக்கமானவை 20. யூசர் ஒட்டுற வரிசையைச் சரிபார்க்க ஒரு ஃபங்ஷன் கேட்டாங்க. ஸ்பேஸ், நம்பரை எல்லாம் நீக்கி, பெரிய எழுத்தா மாத்தி, அந்த 20-ல இல்லாத எதையும் சத்தமில்லாம கழட்டி விட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ்.

ரெண்டு வாரம் கழிச்சு, டீம்ல பயாலஜி படிச்ச அக்கா கூப்பிட்டாங்க. "தம்பி, க்ளூட்டாதயோன் பெராக்சிடேஸ்ல இருந்த 'யூ' எங்கப்பா?"

யூன்னா செலினோசிஸ்டீன், 21-வது அமினோ அமிலம். அந்த என்சைம் வேலை செய்யறதே அதை வச்சுத்தான். குப்பைன்னு நான் பெருக்கித் தள்ளினது அதோட உயிர்நாடியை! அது போக, பின்னாடி இருந்த எல்லா எழுத்தும் ஒரு இடம் முன்னாடி நகர்ந்திடுச்சு.

ஒரு இடம்தானேன்னு கேப்பீங்க. பீட்டா குளோபின்ல ஒரே ஒரு இடத்துல க்ளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலா வேலின் வந்தா அரிவாள் செல் நோய். பழைய கட்டுரைகள்ல அது 6-வது இடம். முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுற இப்போதைய முறையில 7-வது. ஏற்கனவே இவ்வளவு குழப்பம், இதுல என் பங்கு வேறயா?

என் கட்சி இதுதான்: சரிபார்க்கிறது வேற, திருத்துறது வேற. ஸ்பேஸை எடுங்க, எழுத்தைத் தொடாதீங்க. புரியாத எழுத்து வந்தா "37-வது இடத்துல சிக்கல்"னு சொல்லிட்டு நின்னுடுங்க. 'எக்ஸ்' வந்தா அப்படியே விடுங்க. 'எதுன்னு தெரியலை'ங்கறதும் ஒரு தகவல்தான்.

இன்னொண்ணு. எழுத்தெல்லாம் சரியா இருந்தா அது புரதம்னு நம்பிடாதீங்க. டிஎன்ஏவோட ஏ, சி, ஜி, டி நாலுமே அமினோ அமிலப் பட்டியல்லயும் இருக்கு. யாராவது டிஎன்ஏ வரிசையை ஒட்டினா நம்ம ஃபங்ஷன் சிரிச்சுக்கிட்டே பாஸ் போடும். வெறும் அந்த நாலு எழுத்து மட்டும் வந்தா, ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கறது நல்லது.

டிஸ்கி: 'க்ளீன்' பண்றேன்னு டேட்டாவைக் கெடுத்தவங்க பின்னூட்டத்துல வந்து ஒத்துக்கங்க. தனியா அசிங்கப்பட கஷ்டமா இருக்கு :)