பக்கத்தில் யார்?

பிரசவ வலி எடுத்தவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். இடுப்பைத் தேய்த்துவிட, கையைப் பிடித்துக்கொள்ள, வலி விடும் இடைவெளியில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க. இதைச் செல்லம் கொடுப்பதாக நினைப்பவர்கள் மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். செல்லமில்லை, இது சிகிச்சையின் ஒரு பகுதி. தொடர்ந்து துணை இருந்தால் வலி நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை, துணை யார் என்பதைப் பெண்ணே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் 2004 வாக்கிலேயே பிரசவத் துணைக்குக் கதவைத் திறந்தவை. அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் உள்ளே போவது பெரும்பாலும் மாமியாரோ அம்மாவோதான். ஒரே அறையில் நாலைந்து கட்டில், நடுவே திரை கிடையாது. கணவன் எப்படி நுழைவான்? அவன் பிளாஸ்க்கும் கையுமாக வராந்தாவில் நிற்கிறான். "நாங்கள்லாம் பெத்துக்கலையா, இதுக்குப் போய் இப்படிக் கத்துற" என்று அதட்டும் மாமியார் துணையே அல்ல (எல்லா மாமியாரும் அப்படியல்ல, சிலர் பெற்ற தாயைவிட மேல்). ஏழாம் மாதப் பரிசோதனையிலேயே, வீட்டார் இல்லாத நேரத்தில், துணைக்கு யார் வேண்டும் என்று கர்ப்பிணியிடம் கேட்டு அவளுடைய பரிசோதனை அட்டையில் எழுதிவிடலாம். வருகிறவருக்கும் சிலவற்றைச் சொல்லித்தர வேண்டும்: பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வந்தாலோ, பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போனாலோ உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். அவள் கேட்பது கணவனை என்றால் அவனும் உள்ளே வர வேண்டும்; அதற்குக் கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரைச்சீலை மாட்ட எந்தப் பெரிய திட்டமும் தேவையில்லை.