தொட்டிக்கரி நம்முடையது; மின்கலம் எவருடையது?

பருத்தியை ஏற்றியனுப்பித் துணியை விலைக்கு வாங்கிய அடிமைக்காலம் ஒன்றிருந்தது. நூலாலைகளை எழுப்பி அவ்விழிவை முறித்தது கோவை. 1937-இலேயே மின்னோடி செய்து காட்டினார் கோ. து. நாயுடு, நீரிறைக்கும் எக்கிகளை நாடெங்கும் அனுப்பினர் அவ்வூர்ப் பட்டறையார். அத்தகைய கொங்குநாடு இன்று கரியை விற்றுக் கலத்தை வாங்கப் போகின்றதா?

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசுங்கால் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் மின்னைப் பொழிகின்றன. தேக்க வழியின்றேல் அவற்றை நிறுத்திவைக்கவே நேரும். மிகுமின்னைத் தேக்குவது நமக்குப் புதிதன்று. ஆனைமலைக் கடம்பாறையில், மிகுமின்னால் நீரை மேலேற்றி வேண்டும்போது இறக்கி மின்னாக்கும் 400 மெகாவாட்டு நிலையம் 1980-களின் இறுதியிலேயே அமைந்தது. மலையில்லா இடங்களில் அவ்வேலையை மின்கலமே செய்தல் வேண்டும்.

இதுகாறும் அதற்கு இலித்தியமே பெரிதும் பயன்பட்டது. அது சில நாடுகளிலேயே மிகுதியாகக் கிடைப்பது. சோடியமோ தூத்துக்குடி உப்பளங்களில் வெண்குன்றாய்க் குவிந்து கிடப்பது! சோடிய மின்கலத்திற்குச் செப்புத்தகடும் வேண்டா; அலுமினியமே போதும். அதன் எதிர்முனைக்கு வேண்டியது வன்கரி. அதனைத் தேங்காய்த் தொட்டியிலிருந்தே ஆக்கலாம். பொள்ளாச்சியாரும் காங்கயத்தாரும் எண்ணிப் பார்க்க!

பிறர் உறங்கவில்லை. சீனத்தின் சி.ஏ.டி.எல். நிறுவனம் 2021-இல் இக்கலத்தை அறிவித்தது. 2024-இல் அந்நாட்டின் ஊபே மாநிலத்தில் 100 மெகாவாட்டு-மணி தேக்கும் சோடிய மின்கல நிலையம் இயங்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் பாரடியன் நிறுவனத்தை 2022-இல் இரிலையன்சு வாங்கிக்கொண்டது.

சோடியக் கலம் எடை மிகுந்தது. இலித்தியத்தின் விலையும் வீழ்ந்துள்ளது. அமெரிக்காவின் நேட்ரான் நிறுவனம் 2025-இல் மூடப்பட்டது என்பர் சிலர். அனைத்தும் உண்மையே. ஆயின் காற்றாலையடியில் அசையாது நிற்கும் கலத்திற்கு எடை ஒரு குறையாகுமா? விலையோ பெருக்கிச் செய்வார்க்கே இறங்கும். பிறர் பெருக்கட்டும் எனக் காத்திருப்பவன் என்றும் வாங்குபவனே.

அறிவுக்கும் நாம் அயலாரிடம் கையேந்த வேண்டா. வள்ளல் அழகப்பர் கொடையால் காரைக்குடியில் எழுந்த மின்வேதியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கி வருகின்றது. உப்பு தூத்துக்குடியில், கரி பொள்ளாச்சியில், பொறித்திறன் கோவையில். பிரிந்து கிடக்கும் இந்நான்கையும் இணைப்பார்தாம் இல்லை.

தொட்டிக்கரி வணிகரும் எக்கி செய்வோரும் கூடி முதற்கண் ஒரு வன்கரி ஆலையைத் தொடங்குக! அங்கிருந்து மலரும் மின்கலங்களின் முதல் அடுக்கைப் பல்லடக் காற்றாலைகளுக்கென அரசு வாங்குக! பருத்தியில் கற்ற பாடத்தைக் கரியில் மறந்தோமெனின், நம் வீட்டு விளக்கின் திரி அயலான் கையில் இருக்கும்.