வாடகை டிராக்டரின் லாபம் எங்கே போகிறது?

கேள்வி: ''எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒரு டிராக்டரை வாடகைக்கு விடுகிறது. சென்ற ஆண்டு செலவு போக 1,20,000 ரூபாய் மிஞ்சியது என்றார் மேலாளர். ஆனால், ஆடிட்டர் கணக்கில் லாபம் 40,000 ரூபாய்தான். மீதி 80,000 ரூபாய் 'தேய்மானம்' என்கிறார்கள். அதற்கு பில்லும் இல்லை, வவுச்சரும் இல்லை. உறுப்பினர்கள் மத்தியில் சந்தேகப் பேச்சு கிளம்பிவிட்டது. இது சரியான கணக்குதானா?''

- வாசகர் ஒருவர், திருவாரூர் மாவட்டம்.

பதில்: தேய்மானத்தைக் கழித்தது சரிதான். அதற்கு வவுச்சர் இருக்காது என்பதும் சரிதான். ஆனால், அந்த 80,000 ரூபாய் இப்போது எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்பதற்கு உறுப்பினர்களுக்கு முழு உரிமை உண்டு.

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குத் தேய்மானம் புதிய சங்கதி அல்ல. இளம் மாட்டை 60,000 ரூபாய்க்கு வாங்கி, நான்கு ஈத்து பால் கறந்த பிறகு 20,000 ரூபாய்க்கு விற்றால், பால் பணத்தில் 40,000 ரூபாய் மாட்டின் விலையிலிருந்தே வந்தது. ஈத்துக்கு 10,000 ரூபாயை ஒதுக்காமல், பால் பணம் முழுவதையும் லாபம் என்று செலவழித்தால், அடுத்த மாடு வாங்கக் கடன்தான் வாங்க வேண்டும். டிராக்டர் கணக்கும் இதேதான்.

டிராக்டரின் விலை 8,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 500 மணி நேரம், மணிக்கு 1,000 ரூபாய் வாடகை என்றால் வரவு 5,00,000 ரூபாய். டீசல், டிரைவர் சம்பளம், பழுதுபார்ப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 3,80,000 ரூபாய். மிச்சம் 1,20,000 ரூபாய். ஐந்து ஆண்டுகள் ஓட்டிவிட்டு 4,00,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று நிர்வாகக் குழு எதிர்பார்த்தால், ஐந்து ஆண்டில் குறையும் மதிப்பு 4,00,000 ரூபாய். ஆண்டுக்கு 80,000 ரூபாய். ஆக, உண்மையான லாபம் 40,000 ரூபாய்தான்.

இதில் டீசல் செலவு நடந்து முடிந்தது, ரசீது இருக்கிறது. ஆனால், '4,00,000 ரூபாய்க்கு விற்கலாம்' என்பது வெறும் எதிர்பார்ப்பு. அதே குழு 5,00,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று எண்ணியிருந்தால், தேய்மானம் 60,000 ரூபாயாகும். லாபமும் 60,000 ரூபாய் என்று ஏறும். ஓடிய மணி நேரமும் எரிந்த டீசலும் அதேதான். நாளைய செகண்ட் ஹேண்ட் விலையைப் பற்றிய நினைப்பு மட்டும்தான் மாறியது. கூடுதலாக நினைத்தால் இன்றைக்கு லாபம் அழகாகத் தெரியும். விற்கும் நாளில் அது இடிக்கும்.

பெரிய கம்பெனிகளும் இதில் அடி வாங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் நிறுவனத்துக்குக் கார்களை வாடகைக்கு விடுவதுதான் தொழில். கார்களைச் சில காலம் ஓட்டிவிட்டு விற்றுவிடும். அதனால், வாடகை எவ்வளவு வருகிறது என்பதைப் போலவே, பழைய கார் என்ன விலைக்குப் போகிறது என்பதும் அதன் லாபத்தைத் தீர்மானிக்கும். 2021-ம் ஆண்டு 1,00,000 டெஸ்லா மின்சார கார்களை வாங்கப்போவதாக அறிவித்தது ஹெர்ட்ஸ். 2023 ஜனவரியில் டெஸ்லா தன்னுடைய புதிய கார்களின் விலையை அமெரிக்காவில் 20 சதவிகிதம் வரை குறைத்தது. புதுக் காரே விலை குறைந்து கிடைக்கும்போது, பழைய காருக்கு யார் பழைய விலை கொடுப்பார்கள்? கூடவே, விபத்தில் சிக்கிய மின்சார கார்களைச் சரிசெய்யும் செலவும் அதிகமாக இருந்தது. 2024 ஜனவரியில், சுமார் 20,000 மின்சார கார்களை விற்கப்போவதாக அறிவித்த ஹெர்ட்ஸ், அதற்காகக் கூடுதல் தேய்மானமாக மட்டும் சுமார் 24.5 கோடி டாலரைக் கணக்கில் எழுதியது. நம் மதிப்பில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய். கார்கள் திருடுபோகவில்லை. சந்தையில் அவற்றின் விலை இறங்கியது, அவ்வளவுதான்.

இங்கேயும் அதுபோல ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. வரியோடு 8,00,000 ரூபாய் விலையுள்ள டிராக்டர், அடிப்படை விலை மாறாமல் இருந்தால் 7,50,000 ரூபாய்க்குக் கிடைக்கும். புதிதாக வாங்குபவருக்கு இது நல்ல செய்தி. ஆனால், ஏற்கெனவே வைத்திருப்பவரின் பழைய டிராக்டருக்கு இது விலையை இறக்கும் காரணம்.

மேலே சொன்ன டிராக்டரையே எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுத் தேய்மானம் 2,40,000 ரூபாய் போக, கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு 5,60,000 ரூபாய். இன்னும் இரண்டு ஆண்டு கழித்து 3,50,000 ரூபாய்தான் கிடைக்கும் என்று தெரியவந்தால், மீதி 2,10,000 ரூபாயை அந்த இரண்டு ஆண்டுகளில் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு 1,05,000 ரூபாய். லாபம் 40,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாகச் சுருங்கும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கான தேய்மானம் 160 ரூபாயிலிருந்து 210 ரூபாயாகும். பக்கத்து ஊர் டிராக்டர் வாடகையைப் பார்த்து மணிக்கு 50 ரூபாய் குறைக்கலாமா என்று யோசிக்கும் குழுக்கள், முதலில் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

நிறுவனங்கள் சட்டம் 2013-ல் டிராக்டர், அறுவடை இயந்திரம் ஆகியவற்றுக்கு 8 ஆண்டு ஆயுளும், கடைசியில் மிஞ்சும் மதிப்பாகப் பொதுவாக 5 சதவிகிதத்துக்கு மேற்படாமலும் சொல்லப்பட்டிருக்கிறது. இதிலிருந்து மாறுபட்டு எடுத்தால், அதற்கான காரணத்தைக் கணக்கில் குறிப்பிட வேண்டும். எனவே, எந்த அளவை வைத்துக் கணக்கிட்டார் என்று ஆடிட்டரிடம் கேட்கலாம். அந்த ஆண்டின் லாபத்திலிருந்து டிவிடெண்ட் கொடுப்பதாக இருந்தாலும், தேய்மானத்தைக் கழித்த பிறகுதான் கொடுக்க முடியும். 1,20,000 ரூபாயையும் பிரித்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

இனி, உறுப்பினர்களின் சந்தேகத்துக்கு வருவோம். தேய்மானம் என்பது கையை விட்டுப் போன பணம் அல்ல. அந்த 80,000 ரூபாய் மூன்றில் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று, வங்கிக் கணக்கில் இருப்பாக இருக்கும். இரண்டு, டிராக்டர் கடனின் அசலைக் கட்டியிருப்பார்கள். கடன் பாக்கி அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். மூன்று, நிறுவனத்தின் வேறு தேவைக்கு, உதாரணமாக உரம், விதை கொள்முதலுக்குப் போயிருக்கும். அது சரக்கு இருப்பிலோ, வர வேண்டிய பாக்கியிலோ தெரியும். பொதுக்குழுவில் வங்கிப் புத்தகம், கடன் கணக்கு, இருப்புப் பட்டியல் மூன்றையும் வைத்தால் அரை மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிடும். மூன்றிலும் இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

இதே பிரச்னை அடுத்த ஆண்டும் எழாமல் இருக்க, சில வழிகள்:

* ஒவ்வொரு மார்ச் மாதமும், அதே மாடல், அதே வயதுடைய டிராக்டர் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று பழைய டிராக்டர் வியாபாரிகளிடம் விசாரித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும்.
* கடன் இல்லாத இயந்திரம் என்றால், தேய்மானத் தொகையைத் தனி வைப்புக் கணக்கில் போட வேண்டும்.
* ஓடிய மணி நேரம், சர்வீஸ் செய்த தேதி, மாற்றிய பாகம் ஆகியவற்றை ரசீதோடு வைத்திருந்தால், விற்கும்போது பேரம் பேச அது உதவும்.
* கடன் முடிந்தவுடன் ஆர்.சி புத்தகத்தில் வங்கியின் அடமானக் குறிப்பை நீக்கிவிட வேண்டும். அது இருந்தால் விற்பனை இழுபறியாகும்.

கேள்வி: ''பாதி விலை மானியத்தில் வாங்கிய ரொட்டவேட்டருக்கும் தேய்மானம் ஒதுக்க வேண்டுமா?''

- வாசகர் ஒருவர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: கணக்குப் புத்தகத்தில் மானியத்தைக் கழித்துக்கொண்டு, நிறுவனம் தன் கையிலிருந்து போட்ட தொகைக்கு மட்டும் தேய்மானம் எழுதும் முறை உண்டு. ஆனால், பணத்தை ஒதுக்கும்போது முழு விலையை மனதில் வைப்பதுதான் பாதுகாப்பு. 1,20,000 ரூபாய் ரொட்டவேட்டரை 60,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தாலும், அது தேயப்போவது 1,20,000 ரூபாய் இரும்புதான். அடுத்த முறையும் மானியம் கிடைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பாதி விலையை மட்டும் கணக்கில் வைத்து வாடகையைக் குறைத்துவிட்டால், அது தேய்ந்து முடியும் நாளில் புதிது வாங்கக் கையில் பணம் இருக்காது.