எண் அரசிடம், அலைச்சல் பெரியவரிடம்

வணிகவியல் படிக்கும் எவருக்கும் ஃபார்ம் 16 என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வேலை கொடுத்தவர் ஒரு தாள் தருவார். அதை வைத்து வருமான வரிக் கணக்கு போட வேண்டும். அமெரிக்காவில் அரசு ஓய்வுக்காலப் பணம் வாங்கும் பெரியவர்களுக்கும் இப்படி ஒரு தாள் உண்டு. பெயர் எஸ்எஸ்ஏ-1099. சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் ஒவ்வொரு ஜனவரியிலும் இதைத் தபாலில் அனுப்புகிறது. முந்தைய ஆண்டில் எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதுதான் அதில் இருக்கும் விஷயம். ஒரே ஒரு தாள்!

அந்தத் தாள் தொலைந்துபோனால் என்ன ஆகும்? சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ஒரு அரசு தன் முதியவர்களை எப்படி நடத்துகிறது என்பதை இந்தச் சின்ன விஷயத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ஒரு காலத்தில் இந்தத் தாள் தொலைந்தால் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், அல்லது தொலைபேசியில் கேட்டுவிட்டுத் தபாலுக்காகக் காத்திருக்க வேண்டும். 2012-ல் மை சோஷியல் செக்யூரிட்டி என்ற இணையக் கணக்கு வந்தது. இப்போது அந்தக் கணக்கு உள்ளவர்கள் பிப்ரவரி 1 முதல் மாற்றுப் படிவத்தைத் திரையில் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், பிரிண்ட் எடுக்கலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. நள்ளிரவிலும் கிடைக்கும். ஏறத்தாழ 7 கோடிப் பேர் பணம் வாங்கும் ஒரு திட்டத்தில் இது பெரிய வசதி. இதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

சரி, அந்தத் தாள் இல்லாமலே கணக்கு போட முடியாதா? வங்கிக் கணக்கில் மாதாமாதம் வந்த பணத்தைக் கூட்டினால் போதாதா?

போதாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மெடிகேர் மருத்துவக் காப்பீட்டின் பி பிரிவுக்கான பிரீமியத்தைப் பெரும்பாலானவர்களுக்குப் பிடித்துக்கொண்டுதான் மீதியை வங்கியில் போடுகிறார்கள். 2025-ல் வழக்கமான பிரீமியம் மாதம் 185 டாலர். ஆண்டுக்கு 2,220 டாலர். வங்கிப் பாஸ்புக்கைக் கூட்டிப் போட்டவரின் கணக்கில் இந்த 2,220 டாலர் விடுபட்டுப் போகும். ஆனால் வரிக்கு எடுத்துக்கொள்வது பிடித்தம் போவதற்கு முந்தைய தொகையை. படிவத்தில் 5-ம் கட்டத்தில் இருப்பது அதுதான். படிவத்தின் ஒரு நகல் ஐஆர்எஸ் எனப்படும் வரித்துறைக்கும் போகிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் சில மாதங்கள் கழித்து வீட்டுக்கு நோட்டீஸ் வரும். எழுபது வயதுக்கு மேல் வரித்துறை நோட்டீஸைப் பிரித்துப் படிப்பது யாருக்கும் இன்பமான அனுபவமாக இருக்காது.

ஓய்வுப் பணத்துக்கே வரியா என்று சிலர் கேட்கலாம். 1935-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த இந்தத் திட்டத்தின் பணத்துக்குப் பல பத்தாண்டுகள் வரி இருக்கவில்லை. 1983-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1984 முதல், தனிநபருக்கு 25,000 டாலர், தம்பதிக்கு 32,000 டாலர் என்ற வரம்பைத் தாண்டினால் ஓய்வுப் பணத்தில் பாதிவரை வரிக்கு உட்படும் என்று ஆனது. 1993-ல் இன்னொரு சட்டம் 34,000, 44,000 என்று மேலே ஒரு படி வைத்து, அதைத் தாண்டினால் 85 சதவீதம்வரை என்று ஆக்கியது. இந்த வரம்புகள் விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதே இல்லை. 1984-ல் 25,000 டாலர் என்பது வசதியானவரின் வருமானம். இன்று அது சிக்கனமாக வாழ்பவரின் வருமானம். அன்று மேல்தட்டுக்காக விரித்த வலையில் இன்று நடுத்தர வர்க்கம் மாட்டியிருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எழுபது வயதில் தனியாக வாழும் ஒரு பெண்மணி. 2025-ல் சோஷியல் செக்யூரிட்டி 24,000 டாலர், பழைய கம்பெனி ஓய்வூதியம் 20,000 டாலர். வரம்பைப் பார்க்கும்போது ஓய்வுப் பணத்தில் பாதியைத்தான் மற்ற வருமானத்தோடு சேர்க்க வேண்டும். 12,000 கூட்டல் 20,000, ஆக 32,000. வரம்பு 25,000, தாண்டிய தொகை 7,000. அதில் பாதி, அதாவது 3,500 டாலர் வரிக்குரிய வருமானம். ஓய்வூதியத்தோடு சேர்த்தால் 23,500. இனி கழிவுகள். நிலையான கழிவு 15,750, வயதுக்காக 2,000, 2025-ல் வந்த சட்டம் 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொடுத்த கூடுதல் கழிவு 6,000. மொத்தம் 23,750. வரி? பூஜ்யம்!

வரி பூஜ்யம் என்றாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஏனென்றால் அந்த 6,000 டாலர் கழிவு, யார் தாக்கல் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் வரம்பில் சேராது. கழிவைக் கேட்டு வாங்கவே ரிட்டர்ன் போட வேண்டும். ஆக, தான் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று நிரூபிக்க அந்தப் பெண்மணிக்கு அந்தத் தாள் வேண்டும்.

இப்போது தாள் தொலைந்துவிட்டது. இணையத்துக்குப் போகிறார். வாசலிலேயே பூட்டு.

பழைய பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் 2025 ஜூனோடு போயிற்று. இனி லாகின்.கவ் அல்லது ஐடி.மீ வழியாகத்தான் உள்ளே போக முடியும். முதலாவது அரசுடையது, இரண்டாவது தனியார் நிறுவனம். முதல்முறை பதியும்போது ஓட்டுநர் உரிமம் போன்ற அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். முகத்தையும் படம் எடுக்கச் சொல்லலாம். மின்னஞ்சல் வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. இருபது வயதில் இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. கை நடுங்கும் வயதில், மடிப்பு போனில், காலாவதியான உரிமத்தோடு செய்து பாருங்கள், தெரியும். வண்டி ஓட்டுவதை நிறுத்திய பெரியவர் உரிமத்தை எதற்குப் புதுப்பிக்கப் போகிறார்?

"பிள்ளைகள் செய்து கொடுக்கலாமே" என்று பதில் வரும். நடைமுறையில் அதுதான் நடக்கிறது. ஆனால் விதி வேறு மாதிரி இருக்கிறது. ஒருவர் தன் கணக்கைத் தானேதான் திறக்க வேண்டும், தானேதான் பயன்படுத்த வேண்டும். எழுத்துமூலம் அனுமதி கொடுத்திருந்தாலும் இன்னொருவர் அவர் பெயரில் நுழையக் கூடாது. பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலும் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் அதை ஏற்காது. அம்மாவுக்காக லாகின் செய்யும் மகன் விதியை மீறுகிறான். அவன் செய்யாவிட்டாலோ அம்மாவுக்குத் தாள் கிடைக்காது. நல்லது செய்பவனைத் தப்பு செய்பவனாக்கும் விதியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொல்லச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

பூட்டே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதியவர்களைக் குறிவைத்து ஏமாற்றும் கூட்டம் பெரிது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் ஆண்டு வருமானமும் ஒரே தாளில் இருந்தால் திருடனுக்கு அது தங்கச் சுரங்கம். இலவசமாகக் கிடைப்பதைக் காசுக்கு விற்க முயலும் இணையதளங்களும் உண்டு. ஆகவே பூட்டு நியாயம்தான். பூட்டிய வாசல் ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் அநியாயம்.

இன்றைக்குத் தொலைபேசியும் அலுவலகமும் இருக்கின்றன, உண்மை. தானியங்கித் தொலைபேசி வழியாகக் கேட்டால் மாற்றுப் படிவம் தபாலில் வரும். ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். 2016 கோடையில், கைப்பேசிக் குறுஞ்செய்தி வாங்க முடிந்தால்தான் இணையக் கணக்கைத் திறக்கலாம் என்றார்கள். செல்போன் இல்லாத முதியவர்கள் கொதித்தெழ, இரண்டு வாரம் போலத்தான் அந்த விதி தாங்கியது. 2025 பிப்ரவரியில் ஊழியர் எண்ணிக்கையைச் சுமார் 57,000-லிருந்து 50,000 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே, புது விண்ணப்பம், வங்கிக் கணக்கு மாற்றம் போன்றவற்றுக்குத் தொலைபேசியில் அடையாளம் காட்டுவது செல்லாது, இணையத்தில் முடியாதவர்கள் நேரில் வரவேண்டும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலில் பெருமளவு பின்வாங்கினார்கள். ஆளைக் குறைத்துவிட்டு நேரில் வா என்பது என்ன கணக்கு? இணைய வசதி இருக்கிறது என்பதையே காரணமாகக் காட்டி மற்ற கதவுகளைச் சாத்தும் ஆசை அடிக்கடி தலை காட்டுகிறது.

இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. படிவத்தில் இருக்கும் எண் யாருடையது? ஒரு அரசு அலுவலகம் கொடுத்த பணம். இன்னொரு அரசு அலுவலகத்துக்கு அதே எண் ஏற்கெனவே போயாயிற்று. நடுவில் எண்பது வயதுக்காரர் எதற்குத் தபால்காரர் வேலை பார்க்க வேண்டும்? டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் வரித்துறையே தன்னிடம் உள்ள எண்களை நிரப்பி அனுப்புகிறது; சரியா என்று பார்த்து ஒப்புதல் கொடுத்தால் போதும். இந்தியாவிலேகூட 2021 ஏப்ரலில் 194பி என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. 75 வயதானவருக்கு ஓய்வூதியமும் அதே வங்கியின் வட்டியும் மட்டுமே வருமானம் என்றால், அவர் உறுதிமொழி கொடுத்தபின் வங்கியே வரியைப் பிடித்துக் கட்டிவிடும், ரிட்டர்ன் வேண்டாம். குறைகள் இருக்கலாம். ஆனால் எண்ணம் சரியான திசையில் இருக்கிறது.

அமெரிக்காவும் முயலாமல் இல்லை. டைரக்ட் ஃபைல் என்ற இலவச அரசு இணையச் சேவை 2024-ல் 12 மாநிலங்களில் சோதனையாகவும், 2025-ல் 25 மாநிலங்களிலும் நடந்தது. சோஷியல் செக்யூரிட்டி வருமானம் உள்ளவர்களும் அதில் தாக்கல் செய்ய முடிந்தது. வளர்த்திருந்தால் ஒருநாள் படிவமே தேவைப்படாமல் போயிருக்கும். 2026 பருவத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். முளையிலேயே கிள்ளியாயிற்று.

இது எங்கோ நடக்கும் கதை என்றும் தள்ளிவிட முடியாது. அங்கே பத்தாண்டு அளவுக்கு உழைத்து 40 கிரெடிட் சேர்த்துவிட்டு, இங்கே திரும்பி வந்து வாழும் தமிழர்களுக்கும் இந்தப் பணம் உண்டு. அந்நாட்டுக் குடியுரிமை இல்லாமல் வெளிநாட்டில் வாழ்பவருக்கு வருவது எஸ்எஸ்ஏ-1042எஸ் என்ற படிவம். இவர்களுக்குப் பொதுவாகத் தொகையின் 85 சதவீதத்தின் மீது 30 சதவீதம், அதாவது மொத்தத்தில் 25.5 சதவீதம் முன்பே பிடித்துவிடுவார்கள். எவ்வளவு பிடித்தார்கள் என்பதற்குச் சாட்சி அந்தத் தாள்தான். கடல் தாண்டி வரும் தபாலை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு இணையக் கதவின் அருமை நன்றாகத் தெரியும். அது திறக்காவிட்டால் என்ன பாடு என்பதும் தெரியும்.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, தொலைபேசி, தபால், கவுண்டர் மூன்றும் எப்போதும் திறந்திருக்கும் என்று சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, பெரியவர் சுட்டிக்காட்டும் ஒருவர், படிவத்தைப் பார்க்க மட்டும், தன் சொந்த லாகினில் வர வழி வேண்டும்; வங்கி மாற்றம் போன்ற ஆபத்தான வேலைகளுக்கு அவரை விடவேண்டாம். மூன்றாவது, வரித்துறை தன் கையில் உள்ள எண்ணைத் தானே நிரப்பட்டும்.

அதுவரை வீட்டிலிருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாள் தொலைந்த பிறகு ஏப்ரல் 15 நெருங்கும்போது ஓடாமல், நிதானமான ஒரு நாளில் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில், அவர் போனுக்கே ஓடிபி வரும்படி அவர் கையாலேயே கணக்கைத் திறக்க வைக்கலாம். மகன் போனுக்கு ஓடிபி போகும் கணக்கு, மகன் ஊரில் இல்லாத நாளில் பூட்டிய வீடு.

வாழ்நாள் முழுவதும் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவர்கள் அவர்கள். கொடுத்தபோது யாரும் செல்ஃபி கேட்கவில்லை. திரும்ப வாங்கியதற்குக் கணக்குக் காட்டும்போது மட்டும் இத்தனை சோதனை எதற்கு?